பொப்பியும் பூவரசம்பூவும்: போரில் அங்கவீனமுற்றவருக்கு யார் பொறுப்பு?

ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் மாதத்தை ஒட்டி ஒரு படம் நமது பத்திரிகைகளில் வரும். இலங்கை முன்னாள் படைவீரர் சங்கத்தின் பிரதிநிதிகள் ஜனாதிபதியின் சட்டையில் முதலாவது பொப்பி மலரை அணிவிப்பார்கள். அதன் பிறகு பொப்பி மலர் விற்பனை தொடங்கும். கிடைக்கும் பணம் முன்னாள் படையினரின் நலனுக்குச் செல்லும். 11ஆம் திகதியை அண்மித்த ஒரு நாளில் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் உள்ள போர் நினைவுத்தூபியில் மலர்வளையங்கள் வைக்கப்படும்.

அதே நவம்பர் 13ஆம் திகதி மக்கள் விடுதலை முன்னணியினர் தங்களுடைய கொல்லப்பட்ட தோழர்களை நினைவுகூருகிறார்கள். அவர்களது தலைவர் ரோகண விஜேவீர 1989ஆம் ஆண்டு பிடிபட்டது மலையகத்தின் உலப்பனையில். அதே மாதம் 27ஆம் திகதி வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி விளக்கேற்றுகிறார்கள். ஒரே தீவு, ஒரே மாதம், மூன்று நினைவு நாட்கள்.

இறந்தவர்களுக்கு நாள் இருக்கிறது. இறக்காமல் காலையோ கையையோ கண்ணையோ இழந்து திரும்பியவர்களுக்கு என்ன இருக்கிறது? அவர்களைப் பார்ப்பது யாருடைய பொறுப்பு? யாருடைய படையில் இருந்தார் என்பதை வைத்தா அதைத் தீர்மானிப்பது?

இந்தக் கேள்வி 2009ஆம் ஆண்டு மே மாதத்துடன் பிறந்ததல்ல. சுமார் 90 ஆண்டுகளுக்கு முன்னரே இந்தத் தீவின் தெருக்களில் அது ஒரு பூவின் வடிவில் கேட்கப்பட்டது. அந்தப் பூவின் பெயர் சூரியமல். நமது வீட்டு வேலிகளில் நிற்கும் பூவரசின் மஞ்சள் பூதான் அது.

தோட்டத்துரைமாரின் படை

கதையை மலையகத்திலிருந்து தொடங்க வேண்டும். 1900ஆம் ஆண்டு இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை என்ற தொண்டர் படை உருவாக்கப்பட்டது. தலைமையகம் கண்டியில் இருந்தது. தேயிலை, இறப்பர் தோட்டங்களை நடத்திய ஐரோப்பியர்கள் மட்டுமே அதில் சேரலாம். வாரநாட்களில் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்பிய துரை, ஓய்வு நாட்களில் துப்பாக்கியுடன் பயிற்சிக்குப் போனார்.

1914இல் முதலாம் உலகப் போர் வெடித்தது. அந்த ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இந்தப் படையிலிருந்து 8 அதிகாரிகளும் 229 சிப்பாய்களும் கப்பலேறி எகிப்துக்குப் போனார்கள். முதலில் சுயஸ் கால்வாய்ப் பாதுகாப்பில் நின்றார்கள். பின்னர் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளுடன் இணைக்கப்பட்டார்கள். 1915 ஏப்ரலில் அந்தப் படைகள் துருக்கியின் கல்லிப்போலிக் கரையில் இறங்கியபோது, படைத்தளபதி பேர்ட்வூட்டின் மெய்க்காவலர்களாக நின்றவர்கள் இலங்கைத் தோட்டத்துரைமார். மலையகத்தின் குளிரிலிருந்து போன பலர் திரும்பி வரவில்லை. வேறு பலர் காயங்களுடன் வந்தார்கள்.

இலங்கையில் பிறந்த ஒருவர் பிரித்தானியாவின் அதியுயர் வீர விருதான விக்டோரியா சிலுவையையும் அந்தப் போரில் பெற்றார். கொழும்பில் பிறந்த பசில் ஹோர்ஸ்ஃபோல் அவர். இங்கே இறப்பர் தோட்டத்திலும் பின்னர் பொதுப்பணித் திணைக்களத்திலும் வேலை செய்தவர். 1918 மார்ச் 27ஆம் திகதி பிரான்ஸில் நடந்த சண்டையில் தலையில் காயம்பட்டும் களத்தை விட்டு விலக மறுத்து, கடைசி ஆளாகப் பின்வாங்கும்போது கொல்லப்பட்டார். விருது அவர் இறந்த பின்னர் அறிவிக்கப்பட்டது.

இந்த வீரத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. உயிரைக் கொடுத்தவர் எந்தச் சாம்ராச்சியத்துக்காகக் கொடுத்தாலும் அவருக்குப் போனது உயிர்தான். ஆனால் வீரம் எங்கே எழுதி வைக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். மலையகத்தின் பழைய ஆங்கிலத் தேவாலயங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஓரமாக, 1878இல் கட்டப்பட்ட டிக்கோயா வோர்லி தேவாலயத்தைச் சுற்றித் துரைமாரின் கல்லறைகள் பெயரும் ஆண்டும் பொறித்தபடி நிற்கின்றன. அதே மலையில் தேயிலைக்கு உரமாகிப்போன தொழிலாளருக்கு ஒரு கல்லும் இல்லை. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று நம்ப வைத்துக் கூட்டி வரப்பட்ட கதையை இன்றும் மலையகத்தில் சொல்வார்கள். அவர்களில் மலையேறும்போதும் காடு வெட்டும்போதும் தொழிற்சாலையிலும் இறந்தவர்களின் பெயர்கள் குடும்பத்தாரின் நினைவோடு அழிந்துபோயின.

துரைமார் போர்க்களத்தில் இருந்த ஆண்டுகளிலும் கொழுந்து பறிக்கப்பட்டது, தேயிலை கப்பலேறியது. போருக்குக் காசு கொடுத்த பொருளாதாரத்தில் அந்தக் கைகளுக்கும் பங்கு இருந்தது. வீரக் கணக்கில் மட்டும் இடமில்லை.

பொப்பி வந்த வழி

போர் முடிந்ததும் பிரித்தானியாவில் கைகால் இழந்த சிப்பாய்கள் வேலையில்லாமல் தெருவில் நின்றார்கள். அவர்களுக்காகப் பணம் சேர்க்க 1921ஆம் ஆண்டு முதல் பொப்பி மலர் விற்கப்பட்டது. போர் நடந்த பிரான்ஸ், பெல்ஜியம் வயல்களில் பூத்த செந்நிறப் பூ அது. 1922இல் இலண்டனில் ஒரு பட்டறை தொடங்கப்பட்டு, அங்கவீனமுற்ற முன்னாள் சிப்பாய்களே அந்தக் காகித, துணிப் பூக்களைச் செய்தார்கள். பூவை வாங்கியவர் பணம் கொடுத்தார். பூவைச் செய்தவர் பிச்சை எடுக்காமல் கூலி வாங்கினார். அந்த யோசனையில் குறை சொல்ல எதுவுமில்லை.

பொப்பி ஆட்சியாளருடன் சேர்ந்து குடியேற்ற நாடுகளுக்கும் வந்தது. இலங்கையில் ஒவ்வொரு நவம்பர் 11ஆம் திகதியும் அலுவலகங்களிலும் கடைகளிலும் பாடசாலைகளிலும் பொப்பி விற்கப்பட்டது. வாங்காதவர் அரசுக்கு விசுவாசமில்லாதவராகப் பார்க்கப்பட்ட காலம் அது. பிள்ளைகளும் வாங்க வேண்டியிருந்தது.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானிய முன்னாள் படையினருக்கே போனது. அதே போரில் பணிசெய்து திரும்பிய இலங்கையருக்குக் கிடைத்தது சொற்பம். பணம் இங்கே சேர்ந்தது, நன்மை அங்கே போனது. 1931ஆம் ஆண்டு ஏலியன் பெரேரா என்பவர் இதை எதிர்த்தார். பொப்பி விற்கப்படும் அதே நாளில் உள்ளூர்ப் பூவான சூரியமல்லை விற்று, அந்தப் பணத்தை இலங்கையின் முன்னாள் படையினருக்குக் கொடுப்போம் என்று தொடங்கினார்.

ஆரம்பத்தில் அது சாம்ராச்சியத்தை எதிர்த்த இயக்கமாக இருக்கவில்லை. 'எங்கள் காயப்பட்டவர்களையும் எண்ணுங்கள்' என்ற கோரிக்கை மட்டுமே அதில் இருந்தது. நியாயமான, சின்னக் கோரிக்கை. ஆனால் யாரை எண்ணுகிறோம், யாரை விடுகிறோம் என்ற கேள்வி ஒருமுறை எழுந்துவிட்டால் முதலில் கேட்டவருடன் நின்றுவிடாது.

பூக்களின் போர்

1933இல் தென் கொழும்பு இளைஞர் கழகத்தினர் சூரியமல் விற்பனையைக் கையில் எடுத்தார்கள். அந்த ஆண்டு டொரீன் யங் என்ற ஆங்கிலேயப் பெண், 'பூக்களின் போர்' என்ற பொருள்படும் தலைப்பில் 'சிலோன் டெய்லி நியூஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். இலங்கையில் பாடசாலை அதிபராக இருந்தவர் அவர். தன் நாட்டுச் சிப்பாய்களுக்காக இலங்கைப் பிள்ளைகளிடம் பணம் வாங்குவது சரியல்ல என்று ஒரு பிரித்தானியர் எழுதியது பெரிய பரபரப்பை ஏற்படுத்தியது. வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவைத் திருமணம் செய்து டொரீன் விக்கிரமசிங்க என்று அறியப்பட்ட அவர், சூரியமல் இயக்கத்தின் தலைவரானார். அதன் பொறுப்பாளர்களில் ரொபின் இரத்தினம் என்ற தமிழரும் இருந்தார்.

நவம்பர் 11ஆம் திகதி தெருவின் ஒரு பக்கத்தில் சிவப்புப் பூ, மறுபக்கத்தில் மஞ்சள் பூ. பொப்பி விற்றவர்களிடம் வசதியும் செல்வாக்கும் இருந்தன. சூரியமல் விற்றவர்கள் பெரும்பாலும் இளைஞர்களும் பெண்களும். பணக் கணக்கில் பொப்பிதான் வென்றது. ஆனால் எந்தப் பூவை அணிகிறீர்கள் என்பது ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகியது. முன்னாள் படையினருக்கான உதவி என்று தொடங்கிய விற்பனை, இளைஞர்களின் கையில் போரையும் குடியேற்ற ஆட்சியையும் எதிர்க்கும் இயக்கமாக மாறியது.

காய்ச்சல் கிராமத்திலிருந்து லயன்வரை

1934இன் இறுதியில் மலேரியா வந்தது. இலங்கை வரலாற்றில் மிக மோசமான தொற்று அது. 1935 வரை நீடித்த அந்தக் காய்ச்சலில் பல்லாயிரக்கணக்கானோர் இறந்தார்கள். கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் பயிர் பொய்த்துப் பட்டினியும் சேர்ந்துகொண்டது. சூரியமல் தொண்டர்கள் பூக்கூடையை வைத்துவிட்டு மருந்தையும் பருப்பையும் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். எஸ்.ஏ. விக்கிரமசிங்க நோயாளிகளைப் பார்த்தார். என்.எம். பெரேரா போன்றவர்கள் உணவு பகிர்ந்தார்கள்.

பூவின் பாதை இங்கே திரும்பியது. சிப்பாய்க்காகத் தொடங்கிய உதவி, சீருடையே போடாத ஏழைக்குப் போனது. யாருக்காகப் போரிட்டாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. காய்ச்சல் இருக்கிறதா, பசி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

1935 டிசம்பர் 18ஆம் திகதி இந்த இளைஞர்கள் லங்கா சமசமாஜக் கட்சியை ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு அந்த அலை மலையேறியது. 1936இல் தேயிலைத் தோட்டத்தில் பயிற்சி பெற வந்த பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர், மடுல்கலையிலுள்ள றெலுகாஸ் தோட்டத்தில் தொழிலாளர் நடத்தப்பட்ட விதத்தைப் பார்த்து அவர்கள் பக்கம் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் தோட்டத்துரைமாரைக் குற்றம் சாட்டிப் பேசினார். அவரை நாடு கடத்த ஆளுநர் உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. துப்பாக்கிப் படையில் சேரக்கூடிய ஒரு வெள்ளைக்காரர் லயன் பக்கம் நின்றதுதான் துரைமாரால் தாங்க முடியாத விடயமாக இருந்தது.

1939, 1940இல் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் பரவின. 1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் முதல் தியாகியாக அவரை நினைவுகூருகிறார்கள். அப்போது இரண்டாம் உலகப் போர் தொடங்கியிருந்தது. கொழும்பில் பொப்பி விற்பனை இன்னும் தீவிரமாக நடந்தது.

தருமமும் உரிமையும்

தோட்டங்களில் கைகால் இழந்தவர்கள் போருக்குப் போனவர்கள் மட்டுமல்ல. கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் விரலைக் கொடுத்தவர்கள் உண்டு. சறுக்கு மலையில் விழுந்து இடுப்பு உடைந்தவர்கள் உண்டு. அவர்களுக்காக யாரும் பூ விற்கவில்லை. நீண்ட காலம் அவர்களுக்குக் கிடைத்தது துரையின் இரக்கமும் கங்காணியின் கடனும்தான்.

பூக்களின் போர் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. வேலையில் காயப்பட்டவருக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று அது சொன்னது. காயப்பட்டவர் கையேந்தத் தேவையில்லை. துரைக்கு விருப்பமா இல்லையா என்பதும் கேள்வியல்ல. நடைமுறையில் எத்தனையோ ஓட்டைகள் இருந்தாலும், கொள்கை மாறியது. அங்கம் இழந்தவருக்குச் சேர வேண்டியது தருமம் என்ற இடத்திலிருந்து உரிமை என்ற இடத்துக்கு நகர்ந்தது.

இந்த வேறுபாடு சிறியதல்ல. தருமம் கொடுப்பவர் யாருக்குக் கொடுப்பது என்று தெரிவு செய்யலாம். தன் ஆள், தன் இனம், தன் படை என்று பார்க்கலாம். உரிமை அப்படிப் பார்க்க முடியாது. அங்கவீனம் இருக்கிறதா என்பது மட்டுமே அதற்குக் கேள்வி.

ஆனால் உரிமை வேண்டுமானால் முதலில் குடிமகனாக இருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் அந்த அடிப்படையையே பறித்தது. இடதுசாரிகள் அன்று அதை எதிர்த்தார்கள். சூரியமல்லைச் சுமந்த அதே தலைமுறைத் தலைவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வாதான் 1972 அரசியலமைப்பை வரைவதில் முன்நின்றார் என்பதையும், சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவுப் பாதுகாப்பு அதில் இல்லாமல் போனதையும் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எல்லோரையும் எண்ணச் சொல்லிப் பிறந்த ஒரு பூவின் வாரிசுகளும் ஒரு கட்டத்தில் சிலரை எண்ணாமல் விட்டார்கள். இது சேர்த்தே சொல்லப்பட வேண்டிய வரலாறு.

மலையிலிருந்து வன்னிக்கு

1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்கிடப்பட்டார்கள். 1977 வன்முறைக்குப் பின்னர் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லைக் கிராமங்களில் குடியேறின. காடு வெட்டிக் கிணறு தோண்டி வாழ்வைத் தொடங்கிய அந்த மக்கள் அடுத்த 30 ஆண்டுகளும் போரின் நடுவில் வாழ்ந்தார்கள். ஷெல்லும் கண்ணிவெடியும் பூர்வீகம் கேட்டு வெடிக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் போராளிகளானார்கள், பொதுமக்களாகவும் செத்தார்கள், காயப்பட்டார்கள்.

போர் முடிந்த பின் நாட்டில் இரண்டு விதமான அங்கவீனம் உருவானது. அரச படையினருக்கு 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ரணவிரு சேவா அதிகார சபை இருக்கிறது. அநுராதபுரத்திலும் வேறு இடங்களிலும் கடுமையாகக் காயப்பட்ட படையினருக்கான 'அபிமன்சல' பராமரிப்பு இல்லங்கள் இருக்கின்றன. மே மாதத்தில் நாள் இருக்கிறது, கொடி இருக்கிறது. இது அவர்களுக்குக் கிடைக்கக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. சொல்லப்போனால் அவர்களுக்கும் அது முழுதாகக் கிடைக்கவில்லை. 12 ஆண்டு சேவை நிறைவு செய்யும் முன்பே காயத்தால் விலக நேர்ந்த அங்கவீனப் படையினர், ஓய்வூதியம் கேட்டு 2016 நவம்பரில் கொழும்பு கோட்டையில் போராட வேண்டியிருந்தது. 'ரணவிரு' என்று அழைக்கப்பட்டவர்கள் மீதே பொலிஸார் நீர்த்தாரை அடித்தார்கள். ஊன்றுகோலுடன் வீதியில் நின்ற அந்தக் கிராமத்து இளைஞர்களைப் பார்த்தபோது, வீரம் என்ற சொல் எவ்வளவு சீக்கிரம் செலவழிந்துபோகிறது என்பது விளங்கியது.

மறுபக்கத்தில், புனர்வாழ்வு பெற்று விடுவிக்கப்பட்டதாக அரசு சொல்லும் சுமார் 12,000 முன்னாள் போராளிகள் இருக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் அங்கம் இழந்தவர்கள், உடலில் குண்டுச் சிதறல்களைச் சுமப்பவர்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. குறைந்த வருமானமுடைய மாற்றுத்திறனாளிகளுக்கான பொதுக் கொடுப்பனவுப் பட்டியலில் இடம் கிடைத்தால் அதுதான் அவர்களுக்கு அரசிடமிருந்து வரும் உதவி. புலம்பெயர்ந்தோரின் உதவி சிலருக்கு வரும், சிலருக்கு வராது. உறவினர் வெளிநாட்டில் இருப்பவருக்கு ஒரு கடை கிடைக்கும். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்துக்குப் பெரும்பாலும் அந்த உறவும் இல்லை. அவர்களை அரசும் தன் ஆளாக எண்ணவில்லை, மலையகக் கட்சிகளும் தூரமாகிவிட்டன, ஊரிலும் சில இடங்களில் வந்தேறிகள் என்ற பார்வை முழுதாகப் போகவில்லை. எந்தப் பூ விற்றாலும் அந்தப் பணம் போய்ச் சேராத வீடுகள் அவை.

எண்ணிக்கையில் எல்லோரும்

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. இந்தத் தீவிலேயே பக்கம் பாராமல் நடக்கும் வேலைகள் உண்டு. 1831இல் தொடங்கப்பட்ட கொழும்பு நட்புறவுச் சங்கம் பல ஆண்டுகளாக ஜெய்ப்பூர்ச் செயற்கைக் கால்களைச் செய்துகொடுக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் போர் உச்சத்தில் இருந்த காலத்திலும் கால்களைப் பொருத்தியது. அங்கே காலின் அளவை எடுத்தார்கள், வரலாற்றைக் கேட்கவில்லை. மாங்குளத்தில் இயங்கும் 'உயிரிழை', முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே சேர்ந்து நடத்தும் அமைப்பு. தங்களைப் போன்ற ஒருவர் படுக்கைப்புண் வந்து சாகாமல் இருக்க என்ன தேவை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பூவைச் செய்தவரே கூலி பெற்ற அந்த 1922ஆம் ஆண்டுப் பட்டறையின் நல்ல பகுதி இங்கேயும் இருக்கிறது: பாதிக்கப்பட்டவர் பொருளாக இல்லாமல் ஆளாக நிற்கிறார்.

சட்டத்துக்கும் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. 2018இல் இழப்பீடுகளுக்கான அலுவலகச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இவற்றில் எதுவும் சிப்பாய், போராளி, தோட்டத் தொழிலாளி என்று பிரித்து எழுதப்படவில்லை.

ஆகவே கேட்க வேண்டியதைத் தெளிவாகவே கேட்கலாம். போரில் அங்கவீனமுற்ற அனைவரையும், எந்தச் சீருடையும் போடாத பொதுமக்களையும் சேர்த்து, தேவையை மட்டும் அளவாக வைத்து ஒரே பதிவேட்டில் எழுத வேண்டும். செயற்கைக் கால் தேய்ந்தால் மாற்றுவதற்கும், உடலில் கிடக்கும் சிதறலை எடுப்பதற்கும், பேருந்து ஏற முடியாதவர் வைத்தியசாலைக்குப் போவதற்கும் அந்தப் பதிவேடு போதும் என்ற நிலை வர வேண்டும். மாதாந்தக் கொடுப்பனவு ஒருவருடைய பழைய படையைப் பொறுத்து மாறக்கூடாது.

1931இல் சூரியமல் விற்றவர்கள் கேட்டதும் அடிப்படையில் இதுதான். எங்களிடம் சேர்த்த பணத்தில் எங்கள் காயப்பட்டவர்களையும் எண்ணுங்கள் என்றார்கள். அன்று அதைக் கேட்டவர் முன்னாள் படையினருக்காகவே பேசினார். அந்தப் பூ மலேரியா நோயாளியிடமும் பிறகு லயனிடமும் போகும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அடுத்த நவம்பரிலும் பொப்பி விற்கப்படும். விளக்குகளும் ஏற்றப்படும். பூவரசு நமது வேலிகளில் வழமைபோலப் பூக்கும், காலையில் மஞ்சளாகவும் வாடும்போது சிவந்தும். கிளிநொச்சியில் அந்த வேலிக்குள்ளே, நுவரெலியாவிலிருந்து ஒரு காலத்தில் துரத்தப்பட்ட குடும்பத்தில், ஒற்றைக் காலுடன் ஒருவர் இருக்கிறார். அவர் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்று அவருடைய கிராம உத்தியோகத்தரிடம் நாம் கேட்டுப் பார்க்கலாம். அங்கிருந்து தொடங்கினாலே போதும்.